தோலுக்கான ஆன்டிபயாடிக் களிம்பு கண்ணுக்கு ஆகுமா: வீட்டு மருந்துப் பெட்டியைப் பற்றி ஒரு மதிப்பீடு

எங்கள் வீட்டு அலமாரியில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஏதாவது ஓர் ஆன்டிபயாடிக் களிம்புக் குழாய் இருந்துகொண்டே இருக்கிறது. சில ஆண்டுகள் சோஃப்ராமைசின், சில ஆண்டுகள் நியோஸ்போரின், தோல் மருத்துவர் எழுதித் தந்த பிறகு இரண்டொரு முறை மியூபிரோசின் என்று பெயர் மாறியிருக்கிறதே தவிர, அந்தக் குழாய் இல்லாமல் வீடு இருந்ததில்லை. அரிவாள்மணையில் வெட்டிய விரல், சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளையின் முழங்கால், புதுச் செருப்புக் கடித்த குதிகால் ஆகிய எல்லாவற்றுக்கும் இவை நன்றாகவே பயன்பட்டிருக்கின்றன. சிறு காயங்களுக்கான களிம்பு என்ற அளவில் இவற்றின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது வேறொரு கேள்வி: இதே களிம்பைக் கண்ணிலோ இமையின் விளிம்பிலோ போடலாமா?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழுந்த விதத்தைச் சொல்ல வேண்டும். தாமிரபரணிக் கரையில் உள்ள எங்கள் ஊரில் பிசான அறுவடையின்போது, கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகே நின்றிருந்த அப்பாவின் வலது கண்ணில் பதர் தெறித்தது. கண்ணைத் தேய்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தவர், மறுநாள் காலையில் கண் சிவந்து நீர் வடியத் தொடங்கியதும் அலமாரியில் இருந்த தோல் களிம்பை எடுத்துக் கீழிமைக்குள் இழுவிக்கொண்டார். அம்மா தடுத்தபோது அவர் சொன்ன பதில் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "கையில பட்ட புண்ணு இதுல ஆறுதுல்லா, கண்ணுல பட்டது மட்டும் ஆறாதா?" அருகிலுள்ள மருந்துக்கடையில் கேட்டதற்கும், "ஆன்டிபயாடிக்தான, லேசா போடலாம்" என்ற பதிலே கிடைத்திருக்கிறது. மூன்று நாள் அப்படியே போனது. நான்காம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்த பிறகே கண் மருத்துவமனைக்குப் போனார்கள்.

எந்தக் குழாய், எந்தக் கடை என்று இங்கே எழுதப்போவதில்லை. அப்பாவின் தர்க்கத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் அது முட்டாள்தனமான தர்க்கம் அன்று. ஆன்டிபயாடிக் என்பது கிருமியைக் கொல்வது, கண்ணில் புகுந்ததும் கிருமி, ஆகவே இது அதைக் கொல்லும் என்று படித்தவர்களும் இப்படித்தான் யோசிக்கிறார்கள். இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கும் உண்மை ஒன்றும் உண்டு. தோல் களிம்பில் உள்ள அதே மருந்துகள் கண் களிம்பிலும் இருக்கின்றன. நியோமைசின், பாலிமிக்சின் பி, பேசிட்ராசின் ஆகிய மூன்றும் சேர்ந்த கண் களிம்பு உலகெங்கும் பல காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. நியோஸ்போரின் தோல் களிம்பிலும் இதே மூன்றுதான். அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

முதல் வேறுபாடு அளவில் இருக்கிறது. அமெரிக்காவில் விற்கப்படும் தோல் களிம்பில் ஒரு கிராமுக்கு 5,000 அலகு பாலிமிக்சின் பி இருக்கிறது. இதே கூட்டுள்ள கண் களிம்பில் 10,000 அலகு. தோலுக்கு உரியது வலுவானது, கண்ணுக்கு உரியது மென்மையானது என்று பலரும் நினைத்துக்கொண்டிருப்பதற்கு இது நேர்மாறானது. மியூபிரோசினை எடுத்துக்கொண்டால் பிரச்சினை மருந்தில் இல்லை, அதைக் குழைத்திருக்கும் அடிப்பொருளில் இருக்கிறது. 2 சதவீத மியூபிரோசின் களிம்பு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீரில் கரையும் பொருளில் செய்யப்படுகிறது. அது தோலில் பிசுபிசுப்பில்லாமல் படியும், ஆனால் கண்ணில் பட்டால் எரியும். அதனால்தான் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளும்படியும், பட்டுவிட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவும்படியும் அதன் குறிப்புத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சோஃப்ராமைசின் போன்ற கிரீம்கள் எண்ணெயையும் நீரையும் பிணைத்துச் செய்யப்படுபவை. அப்படிப் பிணைப்பதற்கான பொருளும், கெடாமல் காக்கும் பொருளும் தோலுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கப்பட்டவையே ஒழியக் கண்ணை நினைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. தோலின் மேற்பரப்பு இறந்த செல்களால் ஆன காய்ந்த கவசம். கருவிழியின் மேலடுக்கோ ஐந்தாறு வரிசை உயிருள்ள செல்கள் மட்டுமே. அதற்கு அடியில் நரம்புகள் அடர்ந்திருக்கின்றன, ரத்தக் குழாய்கள் கிடையா. மொத்தத் தடிமனே நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான்.

இரண்டாவது வேறுபாடு தூய்மையில் இருக்கிறது. என் கருத்தில் இதுவே எல்லாவற்றையும்விடப் பெரியது. தோல் களிம்பில் நுண்ணுயிரிகளின் எண்ணிக்கை ஒரு வரம்புக்குள் இருந்தால் போதும்; கண் களிம்பில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது. இந்தியாவில் 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் கண் மருந்துகளுக்கென்றே ‘எஃப்எஃப்’ என்ற தனி அட்டவணை இருக்கிறது. கண் களிம்பு முற்றிலும் கிருமி நீக்கப்பட்டதாகவும் அந்நியப் பொருள் எதுவும் கலவாததாகவும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஐரோப்பிய மருந்தியல் நூலின் தரவிதி இன்னும் நுட்பமாகப் போகிறது. 10 மைக்ரோகிராம் மருந்துப் பொருளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், 25 மைக்ரோமீட்டரைவிடப் பெரிய துகள்கள் இருபதுக்கு மேல் இருக்கக் கூடாது, 50-ஐத் தாண்டியவை இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது, 90-ஐத் தாண்டியது ஒன்றுகூட இருக்கக் கூடாது. அமெரிக்காவில் கண் களிம்புக் குழாய்களில் உலோகத் துணுக்குகள் கலந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கே தனிச் சோதனை உண்டு. மாவரைக்கும் கல்லின் பொடி இட்லியில் இருந்தால் பல்லில் நெருடும், அவ்வளவுதான். அதே அளவு துணுக்கு இமைக்கும் கருவிழிக்கும் நடுவே சிக்கிக்கொண்டு, ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் உரசினால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தால் இந்த விதிகளின் நோக்கம் விளங்கும்.

கிருமி நீக்கம் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதொலைவு போக வேண்டியதில்லை. சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்காவில் விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து ஒன்றை 2023 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமித் தொற்றோடு அந்த மருந்தை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தொடர்புபடுத்தியது. மே மாத நிலவரப்படி 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது; அவர்களில் 14 பேர் பார்வை இழந்தார்கள், நான்கு பேருக்குக் கண்ணை அகற்ற வேண்டியிருந்தது, நான்கு பேர் இறந்தார்கள். கண்ணுக்கென்றே செய்த மருந்தில் தூய்மை குறித்த ஐயம் எழுந்தபோதே நிலைமை இப்படி இருந்தது என்றால், அந்தத் தூய்மையை வாக்களிக்கவே செய்யாத, ஏற்கெனவே எத்தனையோ புண்களைத் தொட்ட விரல்களால் ஆறு மாதமாகப் பிதுக்கிக்கொண்டிருக்கும் தோல் களிம்பைக் கண்ணுக்குள் விடுவதை எப்படி நியாயப்படுத்துவது?

மூன்றாவதாக ஒவ்வாமை. நியோமைசின் நல்ல மருந்து. ஆனால் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோல் மருத்துவர் சங்கம் 2010-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது இதைத்தான். இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது என்பதால், கையில் லேசான அரிப்பாகத் தோன்றும் ஒவ்வாமை இமையில் வீக்கமாக எழும். இதைத் தொற்று முற்றிவிட்டது என்று தவறாகப் புரிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் களிம்பு தடவுபவர்களும் இருக்கிறார்கள். நியோமைசின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதற்குப் பதிலாகச் சோஃப்ராமைசினுக்கு மாறுவதிலும் பொருளில்லை, ஏனெனில் அதிலுள்ள ஃப்ராமைசெட்டின் என்பது நியோமைசின் பி-யேதான், பெயர்தான் வேறு.

இனிக் குழாயின் மேலுள்ள எழுத்துக்கு வருகிறேன். இந்த வகைப் பொருள்கள் அனைத்தின் மீதும் எனக்கு உள்ள உண்மையான குறை இதுதான். நம் நாட்டில் வெளிப்பூச்சு மருந்துகளின் மீது ‘வெளி உபயோகத்திற்கு மட்டும்’ என்ற பொருளுள்ள ஆங்கில வாசகத்தை அச்சிட வேண்டும் என்பது சட்டம், அச்சிடுகிறார்கள். ஆனால் கண் என்பது வெளியே இருப்பதா, உள்ளே இருப்பதா? விழுங்கக் கூடாது என்பதுதான் அந்த வாசகத்தின் பொருள் என்று அப்பா எடுத்துக்கொண்டார். கண் முகத்தில் வெளியே தெரிகிற உறுப்புதானே என்று அவர் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவில் விற்கும் நியோஸ்போரின் பெட்டியில் அந்த வாசகத்தோடு நில்லாமல் ‘கண்களில் பயன்படுத்தாதீர்கள்’ என்றும் தனியாக எழுதியிருக்கிறது. அப்படி ஒரு வரி, அதுவும் தமிழில், குழாயின் முகப்பிலேயே தடித்த எழுத்தில் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் அந்த மூன்று நாள் வீணாகியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எழுத்து வேண்டாம் என்றால் கண்ணின் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டாலும் போதும். கண் களிம்பும் தோல் களிம்பும் ஒரே மாதிரியான சிறு குழாய்களில், சில சமயம் ஒரே வண்ணத்தில் வருவது குழப்பத்தை இரட்டிப்பாக்குகிறது. கண்ணாடி போடாத முதியவர் இரவில் விளக்கைப் போடாமல் எடுத்தால் எது எது என்று தெரியாது.

கலவைக் களிம்புகளைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவை இன்னும் ஆபத்தானவை. ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும், பல சமயம் பூஞ்சை மருந்தும் சேர்ந்த கிரீம்கள் நம் வீடுகளில் படை, அரிப்பு என்று எதற்கும் கைக்கு வருபவை. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் சட்டென்று குறைக்கும் என்பதால் கண்ணில் போட்டவருக்கு முதல் நாள் சுகமாகவே இருக்கும். அந்தச் சுகத்தின் மறைவில், அக்கி வைரஸால் வந்த கருவிழிப் புண்ணோ பூஞ்சையால் வந்த புண்ணோ தடையின்றிப் பரவும். தொடர்ந்து இமையில் தடவி வந்தால் கண் அழுத்தம் உயரவும், நாளடைவில் புரை விழவும் வாய்ப்பு உண்டு. 2018-இல் இந்திய அரசு 14 ஸ்டீராய்டு வெளிப்பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது நல்ல முடிவு. கடைகளில் அது எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பது நாம் அனைவரும் பார்ப்பதே.

அப்பாவின் கதைக்குத் திரும்புகிறேன். மருத்துவமனையில் கண்ணை மரத்துப்போகச் செய்து, கருவிழிப் புண்ணின் விளிம்பைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார்கள். பூஞ்சை இழைகள் தெரிந்தன. அந்தக் களிம்பில் இருந்த எந்த மருந்தும் பூஞ்சையைத் தொடாது. பாக்டீரியாவை மட்டுமே அது கொல்லும். எங்கள் பகுதியில் இது அரிதான செய்தியும் அன்று. மதுரையில் 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனையில் கிருமி வளர்ந்தவர்களுள் பாக்டீரியா மட்டும் காரணமாக இருந்தவர்கள் 47 சதவீதம், பூஞ்சை மட்டும் காரணமாக இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு. வயல்வேலை செய்கிற, நெல்லும் தாளும் கண்ணில் படுகிற தென் தமிழ்நாட்டில் சிவந்த கண்ணுக்கு ஆன்டிபயாடிக்கை எடுப்பது, காசைச் சுண்டிப் போட்டுப் பார்ப்பதைவிட மேலானது அல்ல என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது. நேட்டாமைசின் 5 சதவீதச் சொட்டு மருந்தை முதலில் மணிக்கு ஒரு முறை, பிறகு இடைவெளி விட்டு என்று வாரக்கணக்கில் போட்டுப் புண் ஆறியது. ஆறிய இடத்தில் தழும்பு நின்றுவிட்டது. வலது கண்ணால் அவர் இப்போது ஆளின் உருவத்தை அறிகிறார். முகத்தை அறிய இடது கண் வேண்டும். தோல் களிம்பு அந்தப் பூஞ்சையைக் கொண்டுவந்தது என்று மருத்துவர் சொல்லவில்லை. அந்த மூன்று நாளில் புண் ஆழமாகிவிட்டது என்றுதான் சொன்னார்.

இதற்கு நேர் எதிரான ஓர் உண்மையையும் பதிவு செய்வது நேர்மை. சரியான களிம்பு, சரியான நேரத்தில் போடப்பட்டால், கண்ணைக் காப்பாற்றும். நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு ஊர்ப் பணியாளர்களே 1 சதவீதக் குளோராம்பெனிகால் கண் களிம்பை நாளுக்கு மூன்று வேளையாக மூன்று நாள் போட்டார்கள். உரிய காலத்தில் வந்தவர்களுக்குப் புண் உண்டாகாமல் அது தடுத்தது. பின்னர் தென்னிந்தியக் கிராமங்களிலும் இதே முறையைப் பூஞ்சை மருந்தையும் சேர்த்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்தியது கண்ணுக்கென்று செய்த களிம்பு. பயிற்சி பெற்றவர் கீறலைச் சாயமிட்டுப் பார்த்த பிறகே போடப்பட்டது.

ஆகவே பொருளாக ஒப்பிட்டால், கண் களிம்புகள் தங்கள் வேலையைச் செம்மையாகச் செய்கின்றன. நான் பார்த்தவற்றுள் குளோராம்பெனிகால் ‘அப்ளிகேப்’ உறைகளே எனக்கு மிகவும் பிடித்தவை: ஒரு வேளைக்கு ஓர் உறை, நுனியை வெட்டிக் கீழிமைக்குள் பிதுக்கிவிட்டு உறையை எறிந்துவிடலாம் என்பதால், திறந்த குழாயில் கிருமி சேரும் கவலை இல்லை. குழாயாக வாங்கினால் திறந்த நாளை அதன் மேலேயே பேனாவால் எழுதி, நான்கு வாரம் கடந்ததும் மிச்சம் இருந்தாலும் எறிந்துவிட வேண்டும்; முனை இமையிலோ விரலிலோ படக் கூடாது; போட்ட பின் சிறிது நேரம் பார்வை மங்கும் என்பதால் அந்நேரம் வண்டி ஓட்டக் கூடாது. இவற்றையும் மருத்துவர் பார்த்து எழுதித் தந்த பிறகே வாங்க வேண்டும். கடையில் கேட்டவுடன் கொடுக்கிறார்கள் என்பதற்காக வாங்கிவிடக் கூடாது. குளோராம்பெனிகாலால் மிக அரிதாக எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டிய செய்தியே.

கண் கட்டிக்கும் ‘மெட்ராஸ் ஐ’க்கும் தோல் களிம்பு தடவுகிறவர்கள் ஏராளம். கண் கட்டிக்கு முன்பெல்லாம் நாமக்கட்டியை உரைத்துப் போட்டார்கள். அந்த இடத்தைத்தான் இப்போது குழாய் பிடித்திருக்கிறது. சுத்தமான துணியைச் சூடு பொறுக்கும் வெந்நீரில் நனைத்துப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுப்பதை நாளுக்கு மூன்று நான்கு முறை செய்தால், பெரும்பாலான கட்டிகள் ஒன்றிரண்டு வாரத்தில் தானே உடைந்து ஆறிவிடும். இமையின் வெளிப்புறத்தில்தானே தடவுகிறோம் என்பதும் சமாதானம் ஆகாது, உடல் சூட்டில் இளகும் களிம்பு தூக்கத்தில் கண்ணுக்குள் இறங்காமல் இருக்காது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் பயன் தராது.

தவறுதலாகத் தோல் களிம்பு கண்ணில் பட்டுவிட்டால் பதற வேண்டியதில்லை. கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான தண்ணீரால் பதினைந்து நிமிடம் கண்ணைத் திறந்து திறந்து கழுவினால், வாசலின் அடிப்படையிலான களிம்பு ஏற்படுத்தும் மங்கல் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். எரிச்சலோ சிவப்போ கூச்சமோ பார்வைக் குறைவோ நீடித்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணில் நெல்லோ தாளோ இலையோ பட்டிருந்தால் கழுவிவிட்டு, அறிகுறிக்காகக் காத்திராமல் போக வேண்டும். போகும்போது போட்ட களிம்பின் குழாயையும் கையில் எடுத்துச் செல்வது நல்லது, என்ன போட்டீர்கள் என்பதே மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்றாக இருக்கும்.

மதிப்பெண் என்று கேட்டால், சிறு காயங்களுக்கான களிம்பாக இக்குழாய்களுக்கு ஐந்தில் நான்கு தருவேன். எச்சரிக்கை வாசகத்துக்கு ஒன்று. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் இப்போது தோல் களிம்பு சமையலறை அலமாரியிலும், மருத்துவர் எழுதித் தந்த கண் மருந்து அப்பாவின் கட்டிலருகே மூடிய டப்பாவிலும் இருக்கின்றன. புதுக் குழாய் வாங்கி வந்தவுடன் அம்மா அதன் மேல் வெள்ளைப் பிளாஸ்திரியைச் சுற்றி, ‘கண்ணுக்கு இல்லை’ என்று கறுப்பு மையில் பெரிதாக எழுதிவிடுகிறார். அப்பா இடது கண்ணால் வாசிக்கும் அளவுக்குப் பெரிதாக.